ஓய்வுநாளில் விழுந்த குதிரைவாலி

எகிப்தை விட்டுப் புறப்பட்ட ஆறு லட்சம் பேர் வனாந்தரத்தில் நாற்பது வருஷம் முறுமுறுத்ததையெல்லாம் கூட்டி அள்ளித் தராசின் ஒரு தட்டில் போடுங்கள். திருத்தங்கல் வேதக்கோயில் தெரு ஞானபூரணி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பல் விளக்கி முடிப்பதற்குள் முறுமுறுத்ததை மறுதட்டில் வையுங்கள். ஆறு லட்சம் பேரும் தட்டோடு மேலே தூக்கி எறியப்பட்டு, சிவகாசியைத் தாண்டி விஸ்வநத்தம் கண்மாயில் போய் விழுவார்கள். மோசே இவளை ஒரே ஒரு வாரம் கூட்டிக்கொண்டு நடந்திருந்தால், மூன்றாம் நாளே திரும்பிப் போய்ப் பார்வோனிடம் செங்கல் அறுக்கும் வேலை கேட்டிருப்பார்.

இந்தத் தராசைக் கட்டி, இடுப்பில் ஒளித்துக்கொண்டு தெருவெல்லாம் திரிந்தவள் பக்கத்து வீட்டு ஜெயக்கொடி. பதினைந்து வயது. ஏழாம் வகுப்பில் வாத்தியார் நாற்காலியில் தீப்பெட்டி ஒட்டுகிற பசையைத் தடவினாள். வாத்தியார் எழுந்துவிட்டார், இவள் படிப்பு ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. அதன்பிறகு வீட்டிலிருந்து பெட்டி ஒட்டினாள். அச்சகத்தில் மை கலங்கிக் கழித்துப்போட்ட லேபிள் தாள்களைப் பொறுக்கி வந்து, அவற்றின் முதுகில் தெருவிலுள்ளவர்களைப் பற்றி எழுதி வைப்பதும் உண்டு. யாருக்கும் காட்டுவதில்லை. அடி விழும்.

ஞானபூரணிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிற வேலை. பள்ளம் பள்ளமாகச் செதுக்கிய மரச்சட்டத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாக வரிசை வைத்துக் கொடுத்தால், அதை அப்படியே மருந்தில் முக்கி எடுப்பார்கள். அவள் கை குச்சி வைக்கும், வாய் குறை வைக்கும். குச்சி கோணல், சட்டம் கோணல், கணக்குப்பிள்ளை மூக்கு கோணல். ஆனால் மனிதர்களைக் கூப்பிட்டு வைத்துச் சொல்லமாட்டாள். எல்லாம் மேலே பார்த்துத்தான். "ஆண்டவரே, இந்தக் குச்சியப் பாத்தீரா? இது குச்சியா, எலி வாலா? உமக்கே நல்லாயிருக்கா?"

அவளுக்கும் ஓர் எகிப்து இருந்தது. கழுகுமலைப் பக்கம், கொழுந்தன் வீடு. கட்டினவன் காலராவில் போனபோது அவளுக்கு வயது இருபத்திரண்டு, பிள்ளை இல்லை. கொழுந்தன் வீட்டில் பதினோரு வருஷம் மாடு பார்த்தாள், சாணி அள்ளினாள், பதினாறு பேருக்கு உலை வைத்தாள். செங்கல் மட்டும் அறுக்கவில்லை. கொழுந்தனுக்கு அந்த யோசனை வரவில்லை. ஒவ்வொரு வேளையும் அவள் கும்பாவில் கஞ்சி விழும் முன்னால், கொழுந்தன் பெண்டாட்டி "திங்கிறதுக்கு மட்டும் கை நீளுது" என்று சொல்லிவிட்டுத்தான் அகப்பையைக் கவிழ்ப்பாள். சொல்லிவிட்டு, தின்று முடிக்கும்வரை நின்று பார்ப்பாள்.

ஒருநாள் ஞானபூரணி கும்பாவை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வடக்கே பார்த்து நடந்துவிட்டாள். அவளுடைய செங்கடல் வைப்பாறு. வெம்பக்கோட்டைப் பக்கம் அதில் மணலைத் தவிர வேறொன்றும் ஓடாததால், பிளக்கிற வேலை கர்த்தருக்கு மிச்சம். பின்னாலேயே கொழுந்தன் சைக்கிளில் துரத்தி வந்தான். பார்வோனின் ரதத்துக்கு நேர்ந்தது சைக்கிளுக்கும் நேர்ந்தது. சக்கரம் மணலில் புதைந்தது. மூழ்கத் தண்ணீர் இல்லாத ஒரே காரணத்தால் கொழுந்தன் உயிர் பிழைத்தான். அக்கரையில் நின்று திரும்பிப் பார்த்த ஞானபூரணி, வேதத்துப் பெண்களைப் போலத் தம்புரு அடித்துப் பாடவில்லை. "சக்கரத்துக்குக் காத்தடிச்சுக்கிட்டாவது வந்திருக்கானா பாரு" என்று முறுமுறுத்துவிட்டு நடையைக் கட்டினாள்.

அன்றிலிருந்து ஒரு வைராக்கியம். இன்னொருவர் கை கொடுக்கிற சோற்றைத் தொடமாட்டாள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் உட்காராமல் ஒரு பாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு வருவாள். வந்து, பாக்கு சொத்தை என்பாள்.

அறுபத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில் தேவாசீர்வாதம் உபதேசியார் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் வனாந்தரப் பாடத்தைக் கையில் எடுத்தார். சின்னப் பிள்ளைகள் முன்னால், ஜெயக்கொடியைப் போன்ற முற்றியவைகள் நடுவில், ஞானபூரணி எல்லோருக்கும் பின்னால் ஜன்னலோரம்.

"நாப்பது வருஷமும் அவங்க உடுத்தின துணி பழசாகல. இதிலருந்து நாம கத்துக்கிற பாடம் என்ன?" என்றார் உபதேசியார்.

"நாப்பது வருசமும் ஒரே சேலைன்னு தெரியுது. என் கதைதான்" என்று ஜன்னலோரத்திலிருந்து பதில் வந்தது.

அடுத்த வாரம், முறுமுறுத்தவர்களைக் கொள்ளிவாய்ச் சர்ப்பம் கடித்த பகுதியை அவர் அவள் முகத்தைப் பார்த்தே நடத்தினார். அவள் விடவில்லை. "உபதேசியாரே, நாப்பது வருசம் காலையில மத்தியானம் ராத்திரி ஒரே பலகாரத்தப் போட்டா, உங்க வீட்டம்மாகிட்ட நீங்க முறுமுறுக்க மாட்டீகளா?"

"முறுமுறுக்கிறது பாவம், ஞானபூரணி."

"நான் தெருத்தெருவாப் போயாச் சொல்றேன்? ஆண்டவர்கிட்டத்தான சொல்றேன். கேக்குறதுக்கு எனக்கு அவரு ஒருத்தர்தான் இருக்காரு. உங்களுக்கு எங்கன நோகுது?"

உபதேசியார் பாட்டு எண் சொன்னார்.

இந்த ஊரில் ஜெபம் செய்வதும் லேசான காரியம் இல்லை. வெயில் அடித்தால்தான் குச்சியில் மருந்து காயும், பெட்டியில் பசை காயும், அடுப்பில் உலை ஏறும். மழை விழுந்தால் ஆபீஸ் கதவு அடைப்பு. பாலும் தேனும் ஓடுகிற தேசத்தில் தீக்குச்சி எப்படிக் காயும் என்று ஞானபூரணி ஒருமுறை கேட்டதற்கு இன்றுவரை பதில் வரவில்லை. உபதேசியாருக்கோ மூன்று ஏக்கர் மானாவாரி. முழங்காலில் நின்று உருக்கமாக மழை கேட்டார். ஞானபூரணி ஆமென் சொல்லாமல் வாயை இறுக்கிக்கொண்டாள். ஓர் ஆமென் குறைந்தும் மழை வந்தது. வந்தது போகவில்லை.

முதல் வாரம் ஆபீசில் ஈரக்குச்சியை வைத்துப் பார்த்தார்கள். இரண்டாவது வாரம் பூட்டிவிட்டார்கள். ஞானபூரணியின் பானையில் கையை விட்டால் விரல் அடியில் தட்டியது. அந்தச் செவ்வாய்க்கிழமை தபால்காரர் ஒரு கார்டு கொண்டுவந்து போட்டார். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஜெயக்கொடி வாசித்தாள். மாடு கன்று போட்டிருக்கிறது, பார்க்க ஆள் இல்லை, வந்தால் இருக்கலாம் என்று கொழுந்தன் எழுதியிருந்தான்.

"கடுதாசியில என்னயக் கேட்டிருக்கானா, மாட்டுக்கு ஆள் கேட்டிருக்கானா?"

"மாட்டுக்குத்தான் பெரியம்மா."

"மாடாவது நெனைக்குதே." ஞானபூரணி கார்டை வாங்கி மடித்தாள். "ஞாயித்துக்கெளமை கோயிலுக்குப் போயிட்டு, திங்கக்கெளமை முத பஸ்ஸுல ஏறிருவேன்."

"எகிப்துக்கா?"

"வனாந்தரத்துல அவுக ஏங்குன வெள்ளரிக்காயும் வெங்காயமும் அங்கனதான கெடைக்குமாம்" என்றாள் ஞானபூரணி. மழையைத் திட்டவில்லை, கார்டைத் திட்டவில்லை, மேலே பார்க்கவும் இல்லை. ஜெயக்கொடிக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஜெயக்கொடிக்குப் பத்து வயதில் ஒரு காரியம் நடந்தது. வெடிக்காத வெடிகளைப் பொறுக்கிப் பிரித்து, மருந்தைக் கொட்டி, உபதேசியார் உட்காருகிற ஸ்டூலுக்கு அடியில் பற்றவைக்கப் போனாள். ஸ்டூல் தப்பியது, இவள் உள்ளங்கை வெந்தது. அன்றைக்கு இவளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, உச்சி வெயிலில் சிவகாசி ஆஸ்பத்திரிவரை நடந்தவள் ஞானபூரணி. வழி நெடுகத் திட்டு. தோலுரிந்த கையைத் திட்டினாள், ரோட்டைத் திட்டினாள், இவளைப் பெற்றவளையும் படைத்தவரையும் சேர்த்துத் திட்டினாள். ஜெயக்கொடிக்கு அழ நேரமே கிடைக்கவில்லை. இந்தக் கதையை அவள் லேபிள் தாளில் எழுதியதில்லை. தெருவில் அவளுக்கென்று ஒரு பெயர் இருக்கிறது, அது கெட்டுப்போகும்.

ஞானபூரணியிடம் நேரே போய் "இந்தாங்க அரிசி" என்று நீட்டினால் அது வாசலைத் தாண்டாது. மனிதர் கையில் வாங்கமாட்டாள் என்றால் கர்த்தர் கையில் வாங்கித்தானே ஆகவேண்டும்? போன ஞாயிறுதான் உபதேசியார், வனாந்தரத்தில் கர்த்தர் வானத்திலிருந்து பெய்த மன்னாவைப் பற்றி நடத்தியிருந்தார். விடியற்காலையில் தரையில் கிடக்கும், கொத்தமல்லி விதை போல உருண்டையாக, வெள்ளையாக இருக்கும், தலைக்கு ஓர் அளவு பொறுக்கிக்கொள்ள வேண்டும். அதுவரை ஜெயக்கொடி கவனமாகக் கேட்டாள். மீதிப் பாடத்தின்போது, மூலையில் சாத்தியிருந்த உபதேசியாரின் குடைக்குள் ஐந்து பொன்வண்டுகளை விடுகிற வேலை இருந்ததால் கேட்கவில்லை.

புதன்கிழமை விடிவதற்குள் ஞானபூரணி வீட்டு வாசலில், கூரை இறவாரத்துக்கு அடியில், நாலு பூவரச இலைகளைப் பரப்பி, அதன்மேல் ஓர் உழக்கு குதிரைவாலி அரிசியைத் தூவிவிட்டு வந்து, ஓலை வேலிக்குப் பின்னால் குத்தவைத்தாள். வீட்டுப் பானையில் இருந்ததிலேயே மன்னாவுக்குப் பொருத்தமானது அதுதான்.

ஞானபூரணி கதவைத் திறந்தாள். நின்றாள். குனிந்து ஓர் அரிசியை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். பிறகு இரண்டு வாரமாக ஒழுகிக்கொண்டிருந்த வானத்தைப் பார்த்தாள்.

"குதிரைவாலியா?" என்றாள். "அவுகளுக்கு மட்டும் மன்னான்னு தேன் போட்ட பணியாரம். எனக்குக் குதிரைவாலி. பொடைக்கவும் இல்ல. சரி, இருக்கட்டும். உப்பு யாரு தருவா?"

வேலிக்குப் பின்னால் ஜெயக்கொடிக்கு உயிர் வந்தது.

வியாழக்கிழமை மன்னாவோடு ஒரு பொட்டலம் உப்பும் விழுந்தது. ஞானபூரணி உப்பை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி மேலே பார்த்தாள். "வெறுங்கஞ்சிய எம்புட்டு நாளைக்குக் குடிக்க? அன்னைக்கு வனாந்தரத்துல அவுகளுக்குக் காடை குடுத்தீருல்ல. இப்ப இல்லையோ?"

காடைக்கு உக்கிரபாண்டியிடம்தான் போகவேண்டும். மேற்கே அவருடைய கம்மங்காட்டில்தான் காடை இறங்கும். கண்ணி வைத்துப் பிடிப்பார். மழையில் உச்சி குளிர்ந்து, வரப்பில் கோணியைப் போர்த்திக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ஒரு காடை வேணும் மாமா."

"யாருக்கு?"

"கர்த்தருக்கு."

உக்கிரபாண்டி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். "உங்க சாமி காடையோட விட்டுருதா? தேவல. எங்க அய்யனாரு கெடாய்க்குக் கொறஞ்சு வாயே தொறக்க மாட்டாரு. சாஞ்சு கெடக்குற கம்பந்தட்டைய நிமித்திக் கட்டிட்டு ஒண்ணு எடுத்துட்டுப் போ. உங்க சாமிகிட்ட, மளை போதும்னு மட்டும் சொல்லிராத."

பொழுது சாயும்வரை முழங்கால் சேற்றில் நின்று கட்டினாள். வெள்ளிக்கிழமை காலையில் ஞானபூரணி வாசலில் இலைக்குப் பக்கத்தில் ஒரு காடை குந்தியிருந்தது. பறந்துவிடாதபடி அதன் காலைக் கர்த்தர் தீப்பெட்டிக் கட்டு கட்டுகிற நூலால் கட்டியிருந்தார். ஞானபூரணி காடையைப் பார்த்ததைவிட அந்த முடிச்சைப் பார்த்த நேரம் அதிகம்.

"ஒண்ணுதானா?" என்றாள் கடைசியில். "அங்க மூக்கு வளியா வர்ற அளவுக்குக் குடுத்தீராமே."

இதற்குள் ஜெயக்கொடி வீட்டில் அவள் அம்மா பானையைப் பார்த்துவிட்டு எலி என்று முடிவு கட்டியிருந்தாள். சனிக்கிழமை இருட்டுப் பிரிவதற்குள் ஜெயக்கொடி பானைக்குள் கைவிட்டபோது, உள்ளேயிருந்த எலிப்பொறி அவள் நடுவிரலைப் பிடித்தது. சத்தம் வராமல் தாவணித் தலைப்பைக் கடித்துக்கொண்டு விரலைப் பிடுங்கி, துணி சுற்றி, ஒரு கையாலேயே மன்னாவைத் தூவிவிட்டு வந்தாள். அம்மா விடிந்ததும் பொறியைப் பார்த்து, இரத்தம் இருக்கிறது எலி இல்லை, தப்பித்துவிட்டது என்று வருத்தப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமையும் வழக்கம்போல ஓர் உழக்கு. அன்றைக்கு வேலிக்குப் பின்னால் காத்திராமல், ஜெயக்கொடி தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு ஓய்வுநாள் பள்ளிக்குப் போய்விட்டாள். ஐந்து நாள் பிழைப்பு ஓடிவிட்டது, முறுமுறுப்பும் திரும்பி வந்துவிட்டது, இனி அவள் எங்கே பஸ் ஏறப்போகிறாள் என்று ஜெயக்கொடிக்குப் பெருமை தாங்கவில்லை. ஜன்னலோரம் மட்டும் காலியாக இருந்தது.

உபதேசியார் குடையை வெளியிலேயே உதறிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். "போன வாரப் பாடம். மன்னா எத்தனை நாள் விழும்?"

"ஆறு நாள்" என்று சின்னப் பிள்ளைகள் கத்தின.

"ஆறாம் நாள்?"

"ரெண்டு பங்கு."

"ஓய்வுநாள்ல?"

"விழாது."

"ஓய்வுநாள்ல சிலபேர் வெளியே போய்த் தேடினாங்க. கண்டாங்களா?"

"காணவில்லை" என்று இராகம் போட்டுச் சொன்னார்கள்.

பூவரச இலையில் இப்போது கிடப்பது கர்த்தர் போட்டதல்ல என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அப்படியென்றால் நாலு நாளாகத் தின்றதும் மனிதர் கை கொடுத்தது என்று ஆகிவிடும். ஞானபூரணி இன்னொரு நிமிஷம் இந்தத் தெருவில் இருக்கமாட்டாள். திங்கட்கிழமைவரைகூடப் பொறுக்கமாட்டாள்.

"எங்க ஓடுற?" என்று உபதேசியார் கேட்பதற்குள் அவள் மழையில் பாதித் தெருவைத் தாண்டியிருந்தாள்.

ஞானபூரணி வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. நடுவீட்டில் தகரப்பெட்டி வாய் பிளந்திருந்தது. உள்ளே மடித்த சேலை. வாசலில் இலைகள் மட்டும் கிடந்தன, அரிசியைக் காணோம். ஞானபூரணி அடுப்பு முன்னால் உட்கார்ந்து பானையைத் துழாவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"கோயில் விடுறதுக்குள்ள ஓடியாந்துட்டியே. வயித்துவலியா?"

"ஆமா பெரியம்மா."

"வலிக்கும். நேத்து ரெண்டு பங்கு வச்சிருக்கணும். இன்னைக்கு ஒண்ணும் வச்சிருக்கக் கூடாது. ஊருக்கெல்லாம் ஓய்வுநாள் சட்டம் போட்டவரு, தானே அத மீறுவாரா, ஏட்டி?"

ஜெயக்கொடி வாசற்படியிலேயே நின்றாள். "மேகமா இருக்குல்ல பெரியம்மா. அவருக்குக் கெளமை தெரிஞ்சிருக்காது."

"கையக் காட்டு."

காட்டினாள்.

"என்ன இது?"

"கதவுல நசுங்கிருச்சு."

"கதவுக்குப் பல்லு மொளைச்சிருக்கா?" ஞானபூரணி அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வெள்ளிக்கெளமையே காடைக் கால்ல முடிச்சப் பாத்தேன். நூல ரெண்டு சுத்து சுத்தி, மூணாஞ்சுத்துக்குச் சோம்பிக்கிட்டு முடியிறவ இந்தத் தெருவுல ஒருத்திதான். ஆனாலும் சந்தேகமாத்தான் வச்சிருந்தேன். காலம்பற எலையப் பாத்ததும் தீந்துபோச்சு."

ஜெயக்கொடி தகரப்பெட்டியைப் பார்த்தாள். சொல்வதற்கு வேடிக்கையாக ஒன்றுகூட அகப்படவில்லை. "அப்ப போயிருவீகளா?" என்றாள்.

ஞானபூரணி இரண்டு கும்பாவை எடுத்துக் கழுவினாள். இரண்டிலும் கஞ்சியை ஊற்றினாள். ஒன்றைத் தள்ளி வைத்தாள்.

"கர்த்தர் போட்டதுன்னா தனியாத் திங்கலாம். நீ போட்டது தனியா எறங்காது. உக்காரு."

"யாரு குடுத்தாலும் திங்க மாட்டீகளே."

"குடுத்துட்டு எதிர்ல நின்னு பாப்பாக. நீ வேலிக்குப் பின்னாலல்ல ஒளிஞ்சு கெடந்த." ஞானபூரணி ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தி, எதையோ விரலால் எடுத்துச் சுவரோரம் போட்டாள். "கல்லு. அஞ்சு நாளும் கல்லு. நாளையிலருந்து உங்க அம்மைகிட்டச் சொல்லி, பொடைச்சுக் கொண்டா. ஒன் வெரலக் கடிச்ச அந்த எலிப்பொறியையும் எடுக்கச் சொல்லு. எலி என்ன பாவம் செஞ்சுச்சு?"

எழுந்து போய்ப் பெட்டியிலிருந்த சேலையை உதறிக் கொடியில் போட்டாள். ஒரே ஈரவாடை என்று மேலே பார்த்துச் சொன்னாள். பெட்டியை மூடிக் காலால் மூலைக்குத் தள்ளினாள். வெளியே மழை நின்றபாடில்லை. ஜெயக்கொடி முகத்தைக் கும்பாவுக்குள் நன்றாக இறக்கி வைத்துக்கொண்டு குடித்தாள்.

"ஏட்டி, லேபிள் தாள் முதுகுல என்னயப் பத்தி என்னமோ எழுதி வச்சிருக்கியாமே. வாசி, கேப்போம்."

"யாரு சொன்னா? அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல."

"இடுப்புல துருத்திக்கிட்டுத் தெரியுது. வாசி."

ஜெயக்கொடி மடித்த தாளை எடுத்து, கையைத் துடைத்துக்கொண்டு வாசித்தாள். "எகிப்தை விட்டுப் புறப்பட்ட ஆறு லட்சம் பேர் வனாந்தரத்தில் நாற்பது வருஷம் முறுமுறுத்ததையெல்லாம்..."

"நிறுத்து. ஆறு லட்சம்னு யாரு எண்ணிச் சொன்னா?"

"வேதத்துலயே இருக்கு பெரியம்மா."

"இருக்கும். அது ஆம்பளைக கணக்கு மட்டும். பொம்பளைகளயும் பிள்ளைகளயும் அங்கன எவனும் எண்ணவே இல்ல. விடியக்காலம் எந்திரிச்சுக் குனிஞ்சு குனிஞ்சு மன்னாப் பொறுக்குனது யாரு, ஆறு லட்சம் மீசையுமா? முறுமுறுத்ததுல முக்காவாசி அவளுகளாத்தான் இருக்கும். மொதல்ல அவளுகள எல்லாம் தட்டுல ஏத்து. அப்புறம் பாத்துட்டு எழுது, நான் கனமா இல்லையான்னு."